ஸ்பைடர்-வெர்ஸ் தொகுப்பை நேரடியாகப் படித்தால் புரியுமா?

முன்கதை தெரியாமல் ஸ்பைடர்-வெர்ஸ் காமிக்ஸ் தொகுப்பை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். 2014 கடைசியில் மார்வெல் வெளியிடத் தொடங்கிய கதை, எழுதியவர் டான் ஸ்லாட். மோர்லனும் அவன் குடும்பமும் ஒவ்வொரு பிரபஞ்சமாகப் புகுந்து அங்குள்ள சிலந்தி நாயகர்களின் உயிர்சக்தியை உறிஞ்சிக் கொல்கிறார்கள், அதனால் எல்லா உலகத்து ஸ்பைடர்மேன்களும் ஒன்றுசேர வேண்டியதாகிறது, அவ்வளவுதான் கதை. நம்ம ஊர் ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகரும் வருகிறார். ஜப்பானிய டிவி ஸ்பைடர்மேனின் ராட்சத ரோபோ லெப்பர்டான் கம்பீரமாக வந்து இறங்குகிறது, அடுத்த சில பக்கங்களிலேயே குடும்பத் தலைவன் சோலஸ் அதைப் பிய்த்து எறிந்துவிடுகிறான்!

எனக்குச் சண்டைகளைவிடப் பிடித்தது அசல் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கருக்கும் அவருடைய பழைய எதிரி டாக்டர் ஆக்டோபஸ் என்கிற ஆட்டோ ஆக்டேவியஸுக்கும் நடக்கும் தலைமைப் போட்டிதான். ஆட்டோ, பீட்டரின் உடம்பைப் பிடுங்கி அதற்குள் தன் மனதோடு வாழ்ந்த நாட்களிலிருந்து காலம் தாண்டி நேராக இங்கே வந்தவர், அதனால் தான்தான் நிஜ ஸ்பைடர்மேன் என்று அவருக்கு நினைப்பு. இந்த ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

அப்புறம், வாங்கும்போது கிளைக்கதைகளும் சேர்ந்த தடிமனான பதிப்பாகப் பாருங்கள். முக்கியக் கதை மட்டும் உள்ளதில், கிளம்பிப்போன ஆட்கள் வேறெங்கோ நடந்ததை முடித்துவிட்டுத் திடீரென்று திரும்பி வந்து நிற்பார்கள்.