கட்டடக்கலை ஐடியா போட்டியில் ஜெயித்தால் நிஜமான கிளையன்ட் வருவாரா?

கேள்வி: கோவையில் சின்னதாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துகிறேன். வெளிநாட்டு ஐடியா போட்டிகள் இரண்டில் பரிசு கிடைத்திருக்கிறது. இதை வைத்து வேலை பிடிக்க முடியுமா?

பரிசைப் பார்த்துத் தேடி வருகிறவர் அநேகமாக இருக்க மாட்டார். ஆனால் அந்தப் பரிசுக்குள் இருக்கும் யோசனையை வேலையாக மாற்ற முடியும். அதற்கு இன்னொரு சுற்று உழைக்கணும். பலர் அந்த இரண்டாம் சுற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

முதலில், போட்டியில் இரண்டு வகை உண்டு. சைட்டும் பணமும் கையில் வைத்துக்கொண்டு, ஜெயித்தவரிடமே வேலையைக் கொடுப்பதற்காக நடத்துவது ஒன்று. 1957-ல் சிட்னி ஓபரா ஹவுஸை டென்மார்க் ஆர்க்கிடெக்ட் உட்சான் ஜெயித்தது அப்படி. 1971-ல் பாரிஸின் பாம்பிடு கலை மையத்தை ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ராஜர்ஸ் என்ற இரண்டு ஆர்க்கிடெக்டுகள் ஜெயித்ததும் அப்படி. இன்னொன்று நீங்கள் ஜெயித்த ஐடியா போட்டி. யோசனைக்கு மட்டும் பரிசு, கட்டுகிற ஆளே கிடையாது. கட்டுவதற்காக நடந்த போட்டியிலும் உறுதி இல்லை: ஆர்க்கிடெக்ட் சாஹா ஹதீத் 1983-ல் ஹாங்காங்கின் பீக் கிளப் போட்டியை ஜெயித்தார், அது கட்டப்படவே இல்லை. அவர் பெயர் சொல்லும் முதல் கட்டடமான, ஜெர்மனியில் உள்ள விட்ரா தீயணைப்பு நிலையம் முடிந்தது 1993-ல். நடுவே பத்து வருஷம்.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். சரவணம்பட்டியில் 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி வாங்கிப் போட்டிருக்கிறவர் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எத்தனைங்க வரும்?" அடுத்தது, "நீங்க கட்டுன ஊடு எங்கீங்க இருக்குது, போய்ப் பாக்கலாங்களா?" இந்த இரண்டுக்கும் உங்கள் சான்றிதழில் பதில் இல்லை. அவர் கேட்பது நியாயமான கேள்வி, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டப் போகிறார். இங்கே ஆர்க்கிடெக்டுக்கு உண்மையான கண்காட்சி, பால் காய்ச்சும் நாள்தான். வந்த சொந்தக்காரர்கள் படி ஏறிப் பார்ப்பார்கள், பாத்ரூம் தண்ணி வாட்டம் பார்ப்பார்கள், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். அப்புறம் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, சொன்ன எஸ்டிமேட்டில் முடிஞ்சுதா என்று கேட்பார்கள். உங்கள் நம்பர் கை மாறுவது அங்கேதான்.

பரிசு எடுபடும் இடங்களும் உண்டு. வெளியூரில் படித்துவிட்டு அப்பாவின் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ திரும்பி வந்த அடுத்த தலைமுறை, டிரஸ்ட் நடத்தும் கல்லூரிகள், கஃபே, ஷோரூம். இவர்கள் புதுசாக ஒன்றைத் தேடுகிறவர்கள். கல்லூரியில் வகுப்பெடுக்கும் வாய்ப்புக்கும், நல்ல ஜூனியர்கள் உங்களிடம் சேரவும் பரிசு உதவும். அரசு டெண்டரில் பார்ப்பது முடித்த வேலையையும் டர்ன்ஓவரையும்தான். அங்கே இதை நம்ப வேண்டாம்.

சரி, இரண்டாம் சுற்று என்றால் என்ன? உங்கள் பரிசுப் படத்தில் ரம்பப் பல் மாதிரி கூரை போட்டு, வடக்குக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஜூரிக்கு, அதாவது போட்டி நடுவர்களுக்கு, அது சரி. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே வருவதே இல்லை. பனியன் கம்பெனிகள் இருக்கும் நம் திருப்பூர் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21-ல் 12 டிகிரிக்கு மேலேயே சாய்ந்துவிடும். அந்தக் கூரையை அப்படியே ஒரு தையல் ஹாலுக்குப் போட்டால், கோடையில் டெய்லர் முதுகில் நேர் வெயில் விழும், துணியில் கலர் ஷேடு பார்க்கிறவருக்குக் கண் கூசும். திருத்தம் இப்படி: 4 அடி உயரக் கண்ணாடிக்கு மேலே 1 அடி சன்ஷேடு. அது நண்பகலுக்கு மட்டும் போதும். காலை, மாலை வெயில் வடகிழக்கிலும் வடமேற்கிலும் இருந்து சாய்வாக வரும், அதற்கு 2 அடிக்கு ஒன்றாக 1 அடி ஆழத்தில் செங்குத்துத் தடுப்புகள் வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து தூசியோடு வருவதால், அந்தப் பக்கத் திறப்புக்கு மூடித் திறக்கும் லூவர், அதாவது சாய்வுப் பட்டைகள்.

இந்தத் திருத்தத்தை, கட்டடத்தை வெட்டிப் பார்த்த மாதிரி காட்டும் 1:20 செக்‌ஷனாக ஒரே ஏ3 தாளில் போடுங்கள். சாதா ஷீட் கூரைக்கும் இதற்கும் சதுர அடிக்கு எவ்வளவு வித்தியாசம் என்று, உள்ளூர் ஃபேப்ரிகேட்டர் ஒருவரிடம் விலை வாங்கி அதிலேயே எழுதுங்கள். கம்பெனிக்காரரிடம் முதலில் காட்ட வேண்டியது இந்தத் தாள். பரிசு வாங்கிய ஏ1 போர்டை அவராகக் கேட்டால் காட்டினால் போதும். முதலில் அதை விரித்தால், "இதெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாதுங்க" என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். முழு ஃபேக்டரியையும் கேட்க வேண்டாம். ஒரு கேன்டீன், ஒரு செக்யூரிட்டி ரூம், ஒரு ஷெட் கேளுங்கள். போய்ப் பார்க்க ஒன்று நின்றுவிட்டால், முன்பு சொன்ன இரண்டாவது கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் விதிகளை முழுதாகப் படியுங்கள்: டிசைன் உரிமை யாரிடம் நிற்கும், சைட் நிஜமா, கட்டப் போகிறவர் யார், ஜூரியில் யார். ஒரு என்ட்ரிக்கு ஒரு மாத மாலை நேரம் சுலபமாகப் போய்விடும். புதிதாக ஆபீஸ் போட்டவருக்கு வருஷத்துக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து. அதையும் நம் வெயிலுக்கும் நம் தொழிலுக்கும் பொருந்துகிற தலைப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

பரிசை விளம்பரமாகப் போடும்போதும் கவனம் வேண்டும். ஆர்க்கிடெக்டுகள் பதிவு செய்துகொள்ளும் கட்டடக்கலை மன்றத்தின் (கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்) 1989 தொழில் நடத்தை விதிகள் ஆர்க்கிடெக்ட் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் வேலையைப் பற்றிப் பத்திரிகையில் படத்தோடு வரலாம். அதற்காகப் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. கட்டுகிற கட்டடத்தின் மேல் பெயர்ப் பலகை வைக்கலாம், எழுத்து 10 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. முதல் ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் அன்றே அந்தப் பலகையை வைத்துவிடுங்கள்.