கோட்டு அப்புறம், பூட்ஸ் முதலில்

கேள்வி: அன்புள்ள அக்கா, மதுரையிலிருந்து மே மாதக் கடைசியில் படிக்க டொராண்டோ வந்தேன். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மெண்டில் இரண்டு பெண்களோடு தங்கியிருக்கிறேன். தினமும் கென்னடி ஸ்டேஷனில் ரயில் ஏறி டவுன்டவுன் போகிறேன். செப்டம்பர் பிறந்ததிலிருந்து அறைத்தோழிகள் 'ஃபால் டிரெஸ்', அதாவது இலையுதிர்காலத்துக்கான உடுப்பு, வாங்கணும் என்று ஒரே பேச்சு. என்னிடம் இருப்பது ஒரு பெட்டி நிறைய காட்டன் சுடிதார், இரண்டு ஜீன்ஸ், நவராத்திரிக்கு என்று அம்மா வைத்துவிட்ட ஒரு பட்டுப்புடவை. துணிக்கு 200 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். எதை வாங்குவது, எதை விடுவது? இன்னொன்று, இனிமேல் சீக்கிரம் இருட்டிவிடும் என்கிறார்கள். சாயங்காலங்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. நல்ல நாவல்களும் சொல்லுங்கள். பெட்டியில் எடை இடிக்கிறது என்று பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: தங்கச்சி, அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அந்த 200 டாலரை இந்த மாதம் கடைப்பக்கம் கொண்டுபோகாதே. நான் கொண்டுபோனேன். இங்கே வந்த முதல் செப்டம்பரில், ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மைக்குச் சந்தனக் கலரில் முழங்கால் வரைக்கும் கோட்டு மாட்டி, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, கையில் ஒரு காபிக் கப்பையும் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். காலடியில் நாலு பிளாஸ்டிக் மேப்பிள் இலை வேறு. அப்படியே மயங்கிப்போய், பொம்மைக்குக் குளிராது, நமக்குக் குளிரும் என்கிற சின்ன யோசனைகூட இல்லாமல் வாங்கிவிட்டேன். செப்டம்பரில் போட்டால் வேர்த்துக் கொட்டியது. நவம்பரில் போட்டால் காற்று நேரே உள்ளே வந்து எலும்பை விசாரித்துவிட்டுப் போனது. நடுவில் ஒரு பத்து நாள் அழகாக இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். அந்தக் கோட்டு இன்னும் அலமாரியில் தொங்குகிறது.

விஷயம் என்னவென்றால், இவர்கள் ஃபால் என்று சொல்வது ஒரே பருவம் இல்லை. செப்டம்பரில் மத்தியானம் 20 டிகிரிக்கு மேல் போகும், நம் கொடைக்கானல் மாதிரி. நவம்பர் கடைசியில் 10 டிகிரியைத் தொட்டாலே 'இன்னைக்குப் பரவாயில்லை' என்பார்கள். அது போதாதென்று ஒரே நாளுக்குள்ளேயே காலையில் 7, மத்தியானம் 18 என்று ஏறி இறங்கும். அதற்கு மேல் ரயிலுக்குள் ஹீட்டர். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே உடுப்பு என்று எதுவும் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, தேவைப்படும்போது கழற்றி, திரும்ப மாட்டிக்கொள்வதுதான் வழி. அப்படிப் பார்த்தால் உன் பெட்டியிலேயே பாதி இருக்கிறது.

உன் சுடிதார் டாப்ஸ் எல்லாம் உள்ளே போடும் முதல் துணி. கூதல் கூடும்போது அதற்கும் உள்ளே தெர்மல் என்கிற ஒட்டிய கதகதப்பு உள்ளாடை, மேலே ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஸ்வெட்டர் கம்பளியாகவே இருக்கட்டும். பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை எல்லாம் இழுத்துவிடும், கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் கதகதப்பை விடாது. காட்டன் ஹூடியை மட்டும் நம்பி அக்டோபர் மழையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இது தெரியும். நல்ல கம்பளி ஸ்வெட்டருக்குப் புதுக்கடை வேண்டாம், பழைய துணி விற்கும் கடைகளில் தேடு. முழங்கையிலும் அக்குளிலும் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கு.

மஃப்ளர் வாங்காதே! அத்தனை துப்பட்டாவை வைத்துக்கொண்டு மஃப்ளருக்குக் காசு கொடுப்பது அநியாயம். காட்டன் துப்பட்டாவை நீளவாக்கில் மடித்துக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, நுனிகளை ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டால் அக்டோபர் முழுக்கத் தாங்கும். செருகுவது முக்கியம், எஸ்கலேட்டரும் பஸ் கதவும் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பதில் நம் ஊர் சைக்கிள் சக்கரத்துக்குக் குறைந்தவை இல்லை.

முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ். தண்ணீர் புகாதது, அடிப்பாகத்தில் நல்ல வெட்டு இருப்பது. இலை உதிர்வதைப் படத்தில் பார்க்கத்தான் அழகு, நடைபாதையில் நனைந்து கிடந்தால் வாழைப்பழத்தோல்தான். லேஸ் இல்லாமல் காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரியாகப் பார். ஏன் என்று நவராத்திரியில் கோயில் வாசலில் பத்துப் பேர் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது உனக்கே புரியும். இரண்டாவது, தலைமூடி வைத்த ஜாக்கெட், ஸ்வெட்டருக்கு மேல் போடுகிற அளவுக்குத் தொளதொளவென்று, கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிற பாக்கெட் உள்ளதாக. குடை வாங்கினால் இந்த ஊர்க் காற்று அதைத் தாமரை மாதிரி விரித்துக் கையில் கொடுத்துவிடும். மூன்றாவது, மலிவான கையுறை இரண்டு ஜோடி, ஏனென்றால் ஒன்று நிச்சயம் ரயிலில் தொலையும். பார்க்கா என்கிற பனிக்காலத்துப் பெரிய கோட்டு இப்போது வேண்டாம். நவம்பர் கடைசித் தள்ளுபடிக்குக் காத்திரு, மிச்சப் பணம் அதற்கு.

பட்டுப்புடவைக்கு ஒரு யோசனை. இங்கே நவராத்திரியும் தீபாவளியும் சரியாக இந்தக் குளிருக்குள் வந்து மாட்டுகின்றன. ஜாக்கெட் பிளவுஸுக்குப் பதிலாகக் கழுத்து வரை மூடிய, முழுக்கை வைத்த, உடம்பை ஒட்டினாற்போன்ற ஒரு கறுப்பு டாப்ஸைப் போட்டுப் புடவை கட்டிப் பார். உள்பாவாடைக்குள்ளே தடித்த லெக்கிங்ஸ். கொசுவத்தை ஒரு விரற்கடை தூக்கிக் கட்டு, ஜரிகைக் கரையில் சேறு படாது. அம்மாவுக்குப் படம் அனுப்பினால் முதலில் திட்டுவார், அப்புறம் 'கையை மறைச்சதும் நல்லாத்தான் இருக்கு' என்பார்.

பருவம் மாறினால் உடுப்பு மாறுவது வெள்ளைக்காரர்களின் பழக்கம், நமக்கு வெயிலும் மழையும்தான் என்று உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், இடமில்லாமல் அதை வெட்டிவிட்டேன். ஆனால் அது சரியில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம், குளிர்க் காற்று வீசும் பருவம். நீங்கள் மதுரையில் 'கூதலா இருக்கு' என்கிறீர்களே, அதற்கு உறவான சொல்தான். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை என்கிற சங்கப் பாட்டு 188 அடி, அதன் முன்பகுதி இந்தக் குளிர்தான். மழையில் நனைந்த கோவலர்கள், அதாவது மாடு மேய்ப்பவர்கள், நெருப்பில் கையைக் காய்ச்சியும் பல் கிட்டித்து நடுங்குகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் கிடக்கிறது. கோடையில் வீசிய சிவந்த வட்ட விசிறியைச் சுருக்கி மாட்டிவிட்டார்கள், அதில் சிலந்தி நூல் கட்டித் தொங்குகிறது. உன் பேஸ்மெண்டில் டேபிள் ஃபேனை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியிருப்பாயே, அதே வேலைதான்.

சரி, நாவலுக்கு வருகிறேன். சாயங்காலப் பயம் நியாயமானதுதான். நீ வந்தபோது ஜூனில் ராத்திரி 9 மணி வரை வெளிச்சம் இருந்தது, அதை நம்பிக் கெட்டுப்போயிருப்பாய். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அன்றைக்கே 5 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அந்த முதல் வாரம் மோசம். அதற்குள் வீட்டில் ஒரு தடி நாவலைப் பாதி வழியில் வைத்திருப்பது நல்லது, இருட்டினால் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கும்.

பொன்னியின் செல்வனே போதும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில்தானே ஆரம்பம்? ஐந்து பாகம், கல்கி பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை வாரவாரம் வந்தது, அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சோடு முடியும், தூங்கவிடாது. மீதி நாலு பாகத்துக்கு யாரையும் பார்சல் அனுப்பச் சொல்லாதே, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் இலவசமாக இருக்கிறது. கையில் புத்தகமாக வேண்டுமென்றால் டொராண்டோ பொது நூலகத்துக்குப் போய் முதலில் அட்டை வாங்கு, ஊரில் குடியிருப்பவர்களுக்கு இலவசம். ஸ்கார்பரோ கிளைகளில் தமிழ் அலமாரி உண்டு. தாமதமாகத் திருப்பினால் 2022-லிருந்து அபராதமும் கிடையாது, அதற்காக வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

அடுத்தது, குளிரைப் பற்றி நம் ஆள் ஒருவரே எழுதியது: அசோகமித்திரனின் 'ஒற்றன்'. 1973-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு எழுத்தாளர் முகாம் ஒன்றுக்குப் போனவர், அந்த மாதங்களை வைத்து எழுதியது. பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில், நடுவில் ஒரு தமிழர். ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கதை மாதிரி, சின்னதாக, உதட்டோரச் சிரிப்போடு. நீ அறைத்தோழிகளோடு படும் பாட்டுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' படித்திருக்கிறாயா? இலங்கையிலிருந்து கிளம்பிய ஒரு இளைஞன் நாடு நாடாக அலைகிற கதை. நீ குடியிருக்கும் தெருவில் எத்தனையோ பேர் அப்படி வந்தவர்கள்தான், அதைப் படித்தபின் பக்கத்துக் கடையில் இடியாப்பம் வாங்கும்போது கல்லாவில் நிற்பவரை வேறு மாதிரி பார்ப்பாய்.

ஆங்கிலத்தில் ஒன்று எளிதாக வேண்டுமென்றால் எல்.எம். மாண்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்', 1908-ல் வந்தது, பிரின்ஸ் எட்வர்ட் தீவுக் கதை. சிறுவர் நாவல் என்று தள்ளாதே. அநாதைப் பெண் ஆனுக்கு ஒரே ஒரு ஏக்கம், பஃப் கை வைத்த கவுன். வளர்க்கிற மரில்லாவோ துணி வீண் என்று நேர்க்கை வைத்தே மூன்று கவுன் தைத்துக் கொடுக்கிறாள். மரில்லாவின் அண்ணன் மேத்யூ, பெண்கள் துணியைப் பற்றி ஒன்றுமே தெரியாத கூச்ச சுபாவி, பக்கத்து வீட்டு அம்மாவைப் பிடித்து ரகசியமாகத் தைக்கச் சொல்லிக் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கிறார். தீபாவளிக்குப் பஃப் கை ஜாக்கெட் கேட்டு அழுத எந்தத் தமிழ்ப் பெண்ணும் அந்த இடத்தைக் கண் கலங்காமல் தாண்ட முடியாது, நான் தாண்டவில்லை. நான் சந்தனக் கலர் கோட்டைத் திட்டினேனே தவிர, ஒரு துணிமேல் ஆசைப்படுவதைத் திட்டவில்லை. பூட்ஸும் ஜாக்கெட்டும் வாங்கியபின் பத்து டாலர் மிஞ்சினால், ஒன்றுக்கும் உதவாத ஒரு அழகான தொப்பி வாங்கிக்கொள்.

கடைசியாக, ரயிலில் படிக்க. கொழும்பில் பிறந்து 1962-ல் கனடா வந்த மைக்கேல் ஒண்டாச்சி எழுதிய 'இன் தி ஸ்கின் ஆஃப் எ லயன்', 1987. டொராண்டோவைக் கட்டிய கூலிக்காரர்களின் கதை, மொழி தெரியாமல் வந்து இறங்கியவர்கள். முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் சுற்றும், பொறுத்துக்கொள். அதில் டான் பள்ளத்தாக்குக்கு மேல் கட்டி முடியாத ஒரு பாலம் வரும். ஒரு ராத்திரி கன்னியாஸ்திரி ஒருத்தி அதிலிருந்து காற்றில் தூக்கியெறியப்பட்டு விழ, கீழே கயிற்றில் தொங்கி வேலை செய்யும் மாசிடோனியத் தொழிலாளி ஒருவன் ஒற்றைக் கையால் பிடித்துவிடுவான். அந்தப் பாலம் 1918-ல் திறந்தது. அதன் கீழ்த்தட்டில்தான் நீ தினமும் போகிறாய். பிராட்வியூ ஸ்டேஷன் விட்டதும் சுரங்கம் முடிந்து சட்டென்று வெளிச்சம் வரும், காஸில் ஃபிராங்க் வருவதற்குள் சில விநாடிதான். அக்டோபர் நடுவில் ஒரு நாள் காலை, ஜன்னலோரமாக நின்று போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கீழே பார். பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சளும் செம்மண் கலருமாக இருக்கும், கண்ணாடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூதலும் தெரியும். துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்.