வயரா, வயர்லெஸ்ஸா? கேமிங் மவுஸ் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறேன். வயர்லெஸ் மவுஸ் வாங்கினால் டிலே இருக்கும், ரேங்க் ஏறாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் உண்மைதான் தம்பி. இப்போது அந்தப் பயம் தேவையில்லை. மவுஸ் தான் நகர்ந்ததைக் கணினிக்கு விநாடிக்கு எத்தனை தடவை சொல்கிறதோ, அதுதான் போலிங் ரேட்; இதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். சாதாரண ஆபீஸ் மவுஸ் 125 தடவை சொல்லும்; அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. கேமிங் மவுஸ் 1000 தடவை, மில்லி விநாடிக்கு ஒரு முறை. 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் சொருகும் குட்டி ரிசீவர்) வரும் நல்ல வயர்லெஸ் கேமிங் மவுஸும் அதே 1000தான். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 படம் காட்டும் ரகம் என்றால், திரையில் ஒரு படம் (பிரேம்) மாறவே 16.7 மில்லி விநாடி ஆகிறது. அதைப் பார்த்துக் கை அசைய இன்னும் நூற்றைம்பது, இருநூறு ஆகும். இதற்கு நடுவில் வயரை எடுத்ததால் வரும் வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது. 2018-ல் லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் வந்த பிறகு போட்டிகளில் ஆடுகிறவர்களே ஒவ்வொருவராக வயரை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: என்னிடம் ப்ளூடூத் மவுஸ் இருக்கிறது. அதுவே போதுமா?

பதில்: போதாது. ப்ளூடூத் மவுஸ் பெரும்பாலும் அந்த ஆபீஸ் மவுஸ் வேகத்தில்தான் ஓடும். எக்ஸெலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாங்கிள் உள்ள கேமிங் மவுஸ்தான் வாங்கினேன் சார். ஆனாலும் கர்சர் அவ்வப்போது திக்கித் திக்கிப் போகிறது. மவுஸ் கெட்டுவிட்டதா?

பதில்: மவுஸைத் திருப்பி அனுப்பும் முன் டாங்கிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். சிபியு பின்பக்கம், யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்திலா? யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது வரும் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும். எனக்கும் இதே கதைதான். பக்கத்துப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிப் படம் காப்பி செய்தால் போதும், கர்சர் கல்லில் இடறுவது மாதிரி நிற்கும். காப்பி முடிந்ததும் சரியாகிவிடும். இரண்டு நாள் மவுஸ் அடியில் அசைவைப் படிக்கும் சென்சாரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை மவுஸ்பேட் ஓரத்திலேயே வைத்தேன். அன்றோடு தீர்ந்தது. பல கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே அந்த வயரைக் கொடுக்கின்றன. நாம்தான் எடுத்து மூலையில் போட்டுவிடுகிறோம்.

கேள்வி: என் பட்ஜெட் 1500 ரூபாய். எது வாங்கலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், வயர் மவுஸ். அந்த விலைக்கு வயர்லெஸ் தேடினால் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போன காசு சென்சாரில் குறைந்திருக்கும். சும்மா நகர்த்தும்போது தெரியாது. கையை வீசித் திரும்பும் நேரத்தில் எய்ம் தவறும். லாஜிடெக் ஜி102 ரகத்தில் பாருங்கள்: 85 கிராம், 1000 ஹெர்ட்ஸ், ஆஃபர் நேரத்தில் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். வயர் மேஜை விளிம்பில் உரசி இழுப்பதுதான் ஒரே தொல்லை. அதற்கு, வயரைத் தூக்கிப் பிடிக்கும் பஞ்ஜி ஸ்டாண்ட் விற்கிறது. வாங்க வேண்டாம் என்றால் மவுஸ் தாராளமாக நகரும் அளவுக்கு வயரைத் தளர்வாக விட்டு, மானிட்டர் காலில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அப்புறம் வயர் இருப்பதே மறந்துபோகும்.

கேள்வி: வயர்லெஸ் மவுஸில் மேட்ச் நடுவில் சார்ஜ் போய்விட்டால்?

பதில்: லாஜிடெக் ஜி305 மாதிரி வயர்லெஸ் மவுஸில் ஒரே ஒரு ஏஏ பேட்டரி, கம்பெனி கணக்குப்படி 250 மணி நேரம் ஓடும். இன்னொன்றை டிராயரில் வைத்துக்கொண்டால் போதும். சார்ஜ் செய்யும் ரகம் என்றால் பெரும்பாலும் வயரை மாட்டிக்கொண்டே ஆடலாம். கலர் லைட்டை அணைத்துவிடுங்கள், அதுதான் சார்ஜைத் தின்னும்.

கேள்வி: போலிங் ரேட் 8000 ஹெர்ட்ஸ் உள்ள மவுஸ் அவசியமா?

பதில்: இல்லை. பேட்டரி சீக்கிரம் தீரும், பிராசஸருக்கும் சுமை. அந்தக் காசை 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குச் சேர்த்துவையுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: என் பையன் பத்தாயிரத்துக்கு மேல் போகும் வயர்லெஸ் மவுஸ் கேட்கிறான். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: எடை அம்மா. விலை கூடிய மவுஸ்கள் 60 கிராமைச் சுற்றியே இருக்கின்றன. பழைய கேமிங் மவுஸ்கள் 100 கிராமைத் தாண்டும். மணிக்கணக்கில் தூக்கித் தூக்கி வைக்கும் மணிக்கட்டுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கைக்குப் பொருந்தாத வடிவம் என்றால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. கடைக்கு அவனையும் கூட்டிப் போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள்: நாளாக நாளாக ஒரு தடவை அழுத்தினால் இரண்டு கிளிக் விழும் பிரச்சினை எந்த மவுஸிலும் வரலாம், வாரண்டிக்கு அது வேண்டும்.