மன்னிப்பும் நியாயமும் ஒரே தாளில் வேண்டாம்

கேள்வி: வழக்கறிஞராகிய நான், கட்சிக்காரருக்குப் பாதகமான தீர்ப்பு ஒன்றைப் பற்றி முகநூலில் எழுதினேன். விளக்கம் கேட்டு, வழக்கறிஞர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. புகார் கொடுத்த எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு என்மீது பழைய பகை. என்னைவிடக் கடுமையாக எழுதும் சீனியர்களை யாரும் கேட்பதில்லை. எனக்குக் கருத்துச் சுதந்திரம் கிடையாதா?

பதில்: உண்டு. ஆனால் அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு, நீதிமன்ற அவமதிப்பைப் பெயர் சொல்லியே அதற்கு வரம்பாக வைத்திருக்கிறது. சீனியர்கள் எழுதுவது உங்களுக்கு உதவாது. வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி புகாரே இல்லாமலும் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம் என்பதால், பகையும் உதவாது.

உங்கள் பதிவில் சாட்சியம் தவறாக மதிப்பிடப்பட்டதாக எழுதியுள்ள பகுதி, முடிந்த வழக்கைப் பற்றிய நேர்மையான விமர்சனம். அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவே அதற்குப் பாதுகாப்பு. ‘இந்தத் தீர்ப்பு எங்கே எழுதப்பட்டது என்பது ஊருக்கே தெரியும்’ என்ற கடைசி வரிதான் உங்கள் வழக்கு. அது தீர்ப்பை விட்டு நீதிபதியின் நேர்மைக்குப் போய்விட்டது. அந்தச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உண்மையை எதிர்வாதமாக வைக்கலாம் என்றாலும், ஊருக்குத் தெரியும் என்பது சாட்சியம் ஆகாது.

நான் அஞ்சுவது அந்த வரியைவிட, நீங்கள் அனுப்பப்போகும் பதிலைத்தான். என்னிடம் வந்த ஒருவரின் வரைவு, முதல் பக்கத்தில் மன்னிப்புக் கோரி, மூன்றாம் பக்கத்தில் ‘ஆயினும்’ என்று தொடங்கி, பழைய குற்றச்சாட்டையே இன்னும் விரிவாகச் சொல்லியிருந்தது. மன்னிப்பும் நியாயப்படுத்தலும் ஒருங்கே நிற்க முடியாது என்று எம்.ஒய். ஷரீஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954லேயே சொல்லிவிட்டது. நிபந்தனையோடு கேட்ட மன்னிப்பும் உண்மையானதாக இருந்தால் ஏற்கப்படலாம் என்று அவமதிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் விளக்கம் சொல்வது சரிதான்; அதைச் சன்னதை, அதாவது தொழில் செய்யும் உரிமத்தை, பணயம் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

பார் கவுன்சில்தானே என்று அலட்சியமும் வேண்டாம். அவமதிப்புக்கு அதிகபட்சம் ஆறு மாதம் வெறுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும்தான். அவமதிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றமே நேரடியாகச் சன்னதை நிறுத்தி வைக்க முடியாது என்று 1998இல் தீர்ப்பாகிவிட்டது. பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம், உங்களுக்குக் கடிதம் எழுதியவர்களிடம் இருக்கிறது. ட்விட்டர் பதிவுகளுக்காக அவமதிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு 2020இல் 1 ரூபாய்தானே அபராதம் என்பீர்கள்; அதைக் கட்டத் தவறினால் மூன்று மாதச் சிறையும், உச்ச நீதிமன்றத்தில் மூன்றாண்டு தொழில் செய்யத் தடையும் என்று அதே உத்தரவில் இருந்தது.

ஆகவே பதிவை முழுமையாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, நீக்கிவிடுங்கள். கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பொய் எனத் தெரிந்தால், பேச்சுக்கான குற்றச்சாட்டோடு பொய்க்கான குற்றச்சாட்டும் சேரும். அந்த ஒரு வரிக்கு மட்டும், காரணம் எதுவும் சேர்க்காமல், ஒரு பக்கத்தில் மன்னிப்புக் கோருங்கள். பிரமாணப் பத்திரமாகக் கொடுப்பதானால், நாளை அவமதிப்பு வழக்கு வந்தால் அங்கும் அதுவே வாசிக்கப்படும் என்பதை நினைவில் வைத்துக் கையொப்பமிடுங்கள். இந்தக் கடிதம் வந்த செய்தியையும் முகநூலில் போடாதீர்கள்.