தெலுமே எங்கே எதிர்க்கிறாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரீபியன் நாவல்களில் கறுப்பினப் பெண்களின் எதிர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, சிமோன் ஷ்வார்ஸ்-பார்ட்டின் 'தி பிரிட்ஜ் ஆஃப் பியாண்ட்' வாசித்தேன். வெள்ளைக்கார எஜமானி இழிவாகப் பேசுகிறாள், கூட வாழ்பவன் அடிக்கிறான், நாயகி தெலுமே பொறுத்துக்கொண்டே போகிறாள். நம் பழைய நாவல்களின் பொறுமைசாலிப் பெண்ணிலிருந்து இவள் எப்படி வேறுபடுகிறாள்? எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

நியாயமான கேள்வி. தெலுமேயிடம் போகுமுன் ஒரு சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1685இல் பிரெஞ்சு அரசு தன் காலனிகளுக்குப் பிறப்பித்த 'கோட் நுவார்' சட்டப்படி, அடிமைப் பெண் பெறும் பிள்ளையும் அடிமை. தகப்பன் சுதந்திர மனிதனாக இருந்தாலும் அப்படித்தான். அவள் கருப்பையும் முதலாளியின் சொத்துக் கணக்கில் சேர்ந்தது. இந்த நாவல்களில் சண்டை பெரும்பாலும் பெண்ணின் உடம்பில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

எவ்லின் த்ருயோவின் 'தி இன்ஃபேமஸ் ரோசாலி' (பிரெஞ்சு மூலம் 2003) 18ஆம் நூற்றாண்டு சான்-தொமேங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், நடக்கிறது. மருத்துவச்சி பிரிஜித்திடம் ஒரு கயிறு; அதில் 70 முடிச்சுகள். ஒவ்வொன்றும், அடிமையாக வளரவிடாமல் அவளே உயிர்போக்கிய ஒரு சிசு. அக்காலத் தோட்டங்களில் பச்சிளங் குழந்தைகள் தாடை இறுகும் ஜன்னியால் செத்துக்கொண்டிருந்தன. முதலாளிகள் மருத்துவச்சிகளைச் சந்தேகப்பட்டுத் தண்டித்தார்கள். அந்தச் சந்தேகத்துக்குள் புகுந்து எழுதுகிறார் த்ருயோ. கொடுமை என்று புத்தகத்தை மூடுபவரும் வீரம் என்று கைதட்டுபவரும் ஒன்றுபோலத் தவறவிடுகிறார்கள். கயிறு, பேத்தி முறையான லிசெத்தின் கைக்கு வருகிறது. அவளும் கர்ப்பிணி. பிள்ளை சுதந்திரமாகப் பிறக்கட்டும், இல்லையேல் பிறக்கவே வேண்டாம் என்று உறுதிகொள்கிறாள். 70 முடிச்சுகளின் பாரம் இல்லாமல் அந்த உறுதி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தெலுமே வாழ்வது 1848இல் அடிமைமுறை ஒழிந்தபிறகான குவாதலூப்பில், கரீபியனின் பிரெஞ்சுத் தீவில். சட்டம் போய்விட்டது, கரும்புக்காடும் எஜமானியின் வீட்டு வேலையும் போகவில்லை. அவள் வேலைசெய்யும் வெள்ளைக்கார தெசராஞ் குடும்பத்து வீட்டுப் பகுதியை இன்னொருமுறை படியுங்கள். தெலுமே வாய்திறந்து சொல்வதையும் நம்மிடம் மட்டும் சொல்வதையும் தனித்தனியே கோடிட்டுப் பாருங்கள். வாய்ச்சொல் ரொம்பக் கொஞ்சம். வேலைக்குப் போகுமுன்பே மான் சியா கிழவி கற்றுக்கொடுத்த வித்தை அது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்போம் நாம். மான் சியாவோ ஒரு பக்கத்தில் அடி விழட்டும், மறுபக்கத்தைச் சேதமில்லாமல் காப்பாற்றிக்கொள் என்கிறாள். அதே வீட்டில் எஜமான் இரவில் தெலுமேயின் அறைக்கு வருகிறான். மிரட்டித் திருப்பி அனுப்புகிறாள். பொறுமைசாலியின் கதை என்றால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கூட வாழ்பவன் அடிக்கும் பகுதியில் நான் உங்கள் பக்கம். அங்கே அவள் நொறுங்கிப்போகிறாள். அதற்கு எதிர்ப்பு என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

ஆயுதமேந்திய பெண்ணைத் தேடினால் சொலிதூத் இருக்கிறாள். நெப்போலியனின் படை குவாதலூப்பில் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்த 1802இல் கர்ப்பிணியாகப் போரில் நின்றவள். பிரசவம் வரை காத்திருந்து, பிள்ளை பிறந்த மறுநாள் தூக்கிலிட்டார்கள். வரலாற்று நூலில் அவளுக்குக் கிடைத்தது சில வரிகள்தான். 1972இல் சிமோனின் கணவர் ஆந்த்ரே ஷ்வார்ஸ்-பார்ட் அவற்றிலிருந்து ஒரு நாவலையே எழுதினார்.

அடுத்து த்ருயோவைப் படியுங்கள், சின்ன நாவல்தான். ரோசாலி என்பது அந்தக் குடும்பத்துப் பெண்களை ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றிவந்த கப்பலின் பெயர். கதாநாயகி என்று நினைத்து அவளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.