டைமிங் செயின் அறுந்த 2012 ஸ்விஃப்ட் டீசல்: என்ஜின் மாத்தவா, வண்டியவே மாத்தவா?

கேள்வி: வணக்கம் சார், நான் கோத்தகிரி பக்கம், ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கு, வீட்டுக்காரம்மா ஸ்கூல்ல வேலை. 2012 ஸ்விஃப்ட் டீசல், 1,75,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வரும்போது டைமிங் செயின் அறுந்து நின்னுடுச்சு. கோயமுத்தூர் உக்கடத்துல பழைய என்ஜின் எடுத்து மாட்டித்தர மெக்கானிக் 85,000 கேக்குறாரு. இப்படியே குடுத்தா 90,000-க்கு எடுத்துக்க ஆள் இருக்கு. இல்லன்னா 4 லட்சத்துக்கு ஒரு பழைய வேகன்ஆர் பாத்திருக்கேன், அதுல 3 லட்சம் லோன், 14 சதவீதம், 3 வருஷம். மச்சான் பெட்ரோல் என்ஜினா போட்டுக்கோங்கறான். பொண்ணு காலேஜுக்கு வெச்ச எஃப்டி ஒன்றரை லட்சம் இருக்கு, அத ஒடைக்கலாமா?

பதில்: எஃப்டிய தொடாதீங்க, அத முதல்லயே சொல்லிடுறேன். மத்ததெல்லாம் பேசலாம்.

உங்க கடுதாசில எனக்கு இடிக்கிற விஷயம், ஹெட்ட (வால்வெல்லாம் இருக்குற என்ஜினோட மேல் பாகத்த) கழட்டி பாத்ததா நீங்க எங்கயுமே சொல்லல. வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்காம நேரத்துக்கு ஓட வெக்கிறது டைமிங் செயின் தான், இந்த 1.3 டீசல் என்ஜின்ல அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், அது நிஜம், ஆனா எல்லா வண்டிலயும் எல்லாமே போயிடாது, சிலதுல வால்வ அழுத்துற ராக்கர் ஒடைஞ்சு நாலு வால்வு வளைஞ்சதோட நின்னுடும், பிஸ்டனும் அது ஓடுற குழாயும் (போர்) தப்பிச்சிருக்கும். அப்படின்னா ஹெட் வேலையும் புது செயின் கிட்டும் போதும், உங்க என்ஜின், உங்க நம்பர், ஆர்சில எந்த மாத்தமும் வேண்டாம். கழட்டி பாக்க ஆகுற கூலி சின்ன காசு. அத பண்ணாம நேரா என்ஜின் மாத்திடலாம்னு சொல்ற பட்டறைல நான் ஒரு ரூபா அட்வான்ஸ் குடுக்க மாட்டேன்.

சரி, தொறந்து பாத்தா பிஸ்டனும் போயிருக்கு, மாத்தித்தான் ஆகணும்னு வெச்சுக்குவோம். நெறைய பேர் வண்டி மதிப்பே ரெண்டரை லட்சம், அதுக்கு போய் ஒரு லட்சம் செலவான்னு கேப்பாங்க, அந்த கணக்கு தப்பான கணக்கு. இனிமே கையில இருந்து போற காசு எவ்வளவு, 3 வருஷம் கழிச்சு வித்தா திரும்பி வர்றது எவ்வளவு, இத ரெண்டு பக்கமும் போட்டு பாக்கணும்.

என்ஜின் பக்கம் 85,000 மட்டும் இல்ல. கீழ எறக்குனதுக்கு அப்புறம் கிளட்ச் செட், மவுண்ட், ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் அப்பவே மாத்திடணும், வர்ற பழைய என்ஜினுக்கும் மாட்டுறதுக்கு முன்னாடியே புது டைமிங் செயின் போடணும் (இத விட்டீங்கன்னா அதே கதை அதே கொண்டை ஊசி வளைவுல திரும்ப நடக்கும்). அதுக்கு ஒரு 30,000 வைங்க. 2012 வண்டிக்கு 2027-ல 15 வருஷம் முடியுது, ஆர்சி புதுப்பிக்க கட்டணம் 5,000, பசுமை வரி தனி, டிங்கரிங் பெயிண்ட் எல்லாம் சேத்து 25,000 வைங்க. ஆக 1,40,000. இப்ப வர்ற 90,000-த்த வேண்டாம்னு விடுறீங்க, அதுவும் செலவு தான், மொத்தம் 2,30,000. 3 வருஷம் கழிச்சு 1 லட்சத்துக்கு போகும்னு வெச்சா நிகரமா 1,30,000.

வேகன்ஆர் பக்கம் இஎம்ஐ 10,250 பக்கம் வரும், வட்டி மட்டும் 69,000. வண்டி விலையோட சேத்து 4,69,000, 3 வருஷத்துல ரெண்டரை லட்சத்துக்கு வித்தா நிகரமா 2,19,000. விக்கிற விலை ரெண்டும் என் மதிப்பீடு தான், உங்க ஊர் புரோக்கர்கிட்ட கேட்டு மாத்தி போட்டுக்கோங்க. வித்தியாசம் 90,000 பக்கம், என்ஜின் மாத்துறது தான் லாபம். ஆனா அந்த 90,000 சும்மா வரல, பழைய என்ஜினோட ரிஸ்க்க நீங்க தலையில ஏத்திக்கிறதுக்கான கூலி அது. ஒரே ஒரு தடவ அந்த என்ஜின் மக்கர் பண்ணி வண்டிய கோயமுத்தூருக்கு ஏத்தி எறக்குனா பாதி போச்சு. அதனால உக்கடத்துல என்ஜின எடுக்குறப்ப கம்ப்ரஷன் செக் பண்ணி, இன்ஜெக்டர் டெஸ்ட் பண்ணி, 3 மாசமாவது வாரண்டின்னு பில்லுல எழுதி வாங்குங்க, வாய்ல சொல்றது ஆகாது.

அதவிட எனக்கு கவலை பாடி தான். நம்ம பக்கம் மழையும் மூடுபனியும் மாசக்கணக்குல நிக்குது, வண்டி வெளிய நின்னா துரு அடியில இருந்து தான் தின்னும். லிஃப்ட்ல ஏத்தி டோர் கீழ் பட்டி, ஃப்ளோர், முன்னாடி சஸ்பென்ஷன் மாட்டுற எடம் எல்லாத்தையும் ஸ்க்ரூடிரைவரால குத்தி பாக்க சொல்லுங்க. உள்ள எறங்குச்சுன்னா பேச்சே வேண்டாம், 90,000-க்கு குடுத்துடுங்க, ஏன்னா 2027-ல எஃப்சிக்கு போறப்ப அதே துரு தான் முன்னாடி வந்து நிக்கும்.

மச்சான் சொல்ற பெட்ரோல் யோசனை வேண்டவே வேண்டாம். வயரிங், ஈசியூ (என்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), டேங்க், சைலன்சர்னு பாதி வண்டிய மாத்தணும், எரிபொருளே மாறுது, ஆர்டிஓ முன் அனுமதி வேணும். டீசல்லயும் அதே மாருதியோட 75 குதிரைத்திறன் என்ஜின் தான் கேளுங்க. எர்டிகால வர்றது 90, டர்போவே வேற. டாடா வண்டிலயும் இதே ஃபியட் என்ஜின் வந்துச்சு, மலிவா கிடைக்கும், ஆனா ஆர்சில கம்பெனி பேரு ஒத்து வராம அலைய விட்டுடும்.

பேப்பர் விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க. ஜிஎஸ்டி பில், அந்த என்ஜின் எந்த வண்டில இருந்து வந்துச்சோ அதோட ஆர்சி காப்பி, ரெண்டும் கைக்கு வந்தப்புறம் பணம் குடுங்க, திருட்டு வண்டி என்ஜினா இருந்தா மாட்டிக்கிறது நீங்க. மாத்துன 14 நாளுக்குள்ள ஊட்டி ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி புது நம்பர ஆர்சில ஏத்துங்க, இன்சூரன்ஸ்லயும் மாத்துங்க, இல்லன்னா நாளைக்கு ஒரு ஆக்சிடெண்ட்னா க்ளெய்ம்ல நம்பர் ஒத்து வரலன்னு இழுத்தடிப்பாங்க.

பணத்துக்கு, பேங்க்ல நகைக்கடன் பாருங்க. பட்டா இருந்தா விவசாய நகைக்கடனான்னு கேளுங்க, வட்டி 14-அ விட கம்மியாவே வரும், மாசாமாசம் கட்டாயம் கிடையாது, பச்சை இலை பணம் நல்லா வர்ற மாசத்துல அசல கொறச்சுட்டே வரலாம். 10,250 இஎம்ஐ அப்படி இல்ல, டிசம்பர் ஜனவரில பனி கருக்கி இலையே இல்லாதப்பவும் அஞ்சாம் தேதி எடுத்துடுவான், அந்த ரெண்டு மாசம் வீட்டுக்காரம்மா சம்பளத்துல தான் கை வெப்பீங்க. பட்டறை செலவு மட்டும் (அந்த 85,000-மும் 30,000-மும் சேத்து) ஒன்றே கால் லட்சத்த தாண்டுதுன்னு மெக்கானிக் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொன்னா அங்கயே நிறுத்திட்டு வித்துடுங்க, ஆனா அப்பவும் அந்த 4 லட்சம் வேகன்ஆர் வேண்டாம், ரெண்டரை லட்சத்துக்குள்ள ஒரு ஆல்டோ பாருங்க, லோன் ஒன்றரை லட்சத்துக்கு மேல போகாது.