பல் இருக்கிறது, வாயைத்தான் திறப்பதில்லை

கேள்வி: போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுக்கென்று நாடாளுமன்றத்தில் ஒரு நிலைக்குழு இருக்கிறதாம். ஊர் ஊராக ஆய்வுக்குப் போகிறார்கள், அறிக்கை கொடுக்கிறார்கள். அதனால் சுங்கச்சாவடியில் ஒரு ரூபாய் குறைந்ததா? பொங்கலுக்கு விமானக் கட்டணம் இறங்கியதா? ரயிலில் இடம் கிடைத்ததா? பேசாமல் கலைத்துவிட்டால் படிக்காசாவது மிச்சமாகுமே?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: முதலில் ரயிலை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ரயில்வேக்குத் தனி நிலைக்குழு இருக்கிறது. நீங்கள் சொல்லும் குழுவின் கையில் இருப்பவை சாலை, விமானம், துறைமுகம். கூடவே சுற்றுலாவும் பண்பாடும். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. நெடுஞ்சாலையையும் அருங்காட்சியகத்தையும் ஏன் ஒரே குழுவின் தலையில் கட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து, இந்தக் குழு சும்மா இருக்கிறது என்பது சரியல்ல. 2024 பிப்ரவரியில் விமானக் கட்டணம் பற்றி ஓர் அறிக்கை தந்தது. பண்டிகை, விடுமுறை நாட்களில் டிக்கெட் விலை எகிறுவதைக் கண்டித்து, வழித்தடத்துக்கு ஏற்ப உச்சவரம்பு வையுங்கள், கட்டணத்தைக் கண்காணிக்கத் தனி அமைப்பு உண்டாக்குங்கள் என்றது. விலையைச் சந்தை தீர்மானிக்கும் என்பதுதான் அரசு வழக்கமாகச் சொல்லும் பதில். அப்புறம் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, மிச்சமிருந்த விமானங்களில் டிக்கெட் விலை வானத்தைத் தொட்டபோது, அதே அரசு சில நாட்களிலேயே உச்சவரம்பு வைத்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. செய்ய மனம் வருவதற்கு விமான நிலையத்தில் பெட்டிகள் மலைபோல் குவிய வேண்டியிருந்தது.

சாலைக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதா 2016 ஆகஸ்டில் வந்தது. இந்தக் குழுவுக்குப் போய், 2017 பிப்ரவரியில் அறிக்கையோடு திரும்பியது. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உள்ள குறையால் விபத்து நடந்தால் ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் பொறுப்பேற்க வேண்டும் என்று குழு வலியுறுத்தியது. மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் மாட்டி, காலாவதியாகி, மறுபடி 2019இல் சட்டமானது. அதில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தரம் தப்பிய சாலையால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ அதைப் போட்டவருக்கு அபராதம் விதிக்கலாம். எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் தடவை பிடிபடும் ஆளுக்கே 10,000 ரூபாய் அபராதம் என்கிறது அதே சட்டம். பல கோடிக்கு டெண்டர் எடுத்தவருக்கு உயிர்ப்பலிக்கு விலை ஒரு லட்சம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் எத்தனை சாவுக்கு இந்தப் பிரிவில் வழக்குப் போட்டார்கள் என்று உங்கள் ஊர் காவல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சரி, குழு சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு உண்டா? இல்லை. அது வெறும் பரிந்துரை. ஆனால் மூன்று மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு இன்னோர் அறிக்கை போடும். நடவடிக்கை அறிக்கை என்று பெயர். அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், சுவாரஸ்யமானது. அரசு ஏற்ற பரிந்துரைகள் ஓர் அத்தியாயம். அரசின் பதிலைப் பார்த்துவிட்டுக் குழு ‘மேற்கொண்டு வலியுறுத்த விரும்பாதவை’ ஓர் அத்தியாயம். குழு ஏற்காத பதில்கள் ஒன்று. இறுதிப் பதிலே வராதவை கடைசி. அமைச்சகங்களுக்குப் பிடித்த பதில் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’. அந்த ஒரு சொல்லில் எத்தனை பாலம் விழுந்திருக்கிறதோ, எத்தனை சுரங்கப்பாதை மழைநீரில் மூழ்கியிருக்கிறதோ.

குழுவின் உண்மையான குறை, அதிகாரம் இல்லாதது அல்ல. அது சொன்னதெல்லாம் சட்டம் என்று ஆகிவிட்டால் அது குழுவாக இருக்காது, இன்னோர் அரசாங்கம் ஆகிவிடும். குறை, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது. துறைச் செயலாளர் வருகிறார், ஆணைய அதிகாரிகள் வருகிறார்கள், உறுப்பினர்கள் கேட்கிறார்கள், இவர்கள் மழுப்புகிறார்கள். நமக்கு எதுவும் தெரிவதில்லை. மாதக்கணக்கில் கழித்து ஒரு பிடிஎஃப் வருகிறது. அதுவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்வது பிரதிநிதிகள் சபையின் போக்குவரத்து, உள்கட்டமைப்புக் குழு. போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் இறந்தார்கள். 2019 அக்டோபர் 30 அன்று போயிங்கின் தலைமைச் செயல் அதிகாரி டென்னிஸ் முய்லன்பெர்க் அந்தக் குழுவின் முன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், இறந்தவர்களின் குடும்பத்தார். குழுத் தலைவர் பீட்டர் டிஃபேசியோவும் மற்ற உறுப்பினர்களும் வளைத்து வளைத்துக் கேட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் சம்பளத்தை விட்டுக்கொடுத்தீர்களா என்றுகூட முகத்துக்கு நேரே கேட்டார்கள். எல்லாம் கேமரா முன்னால். டிசம்பரில் அவர் வேலை போயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் குழுவின் அறிக்கை வந்தது, டிசம்பரில் புதுச் சட்டமே வந்தது. அங்கும் எல்லாம் தேனும் பாலும் அல்ல, கம்பெனிகளின் செல்வாக்கு அங்கே அதிகம். ஆனாலும் கேள்வியை ஊர் கேட்டது. அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து இலங்கையில் அரசு நிறுவனங்களை விசாரிக்கும் ‘கோப்’ என்ற நாடாளுமன்றக் குழுவின் விசாரணைகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே கேமரா வைத்தால் உறுப்பினர்கள் கட்சிக்காரர்களாக மாறி மேடைப் பேச்சு பேசுவார்கள் என்பது நியாயமான பயம்தான். மூடிய அறையில்தான் ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே பரிந்துரையில் கையெழுத்துப் போட முடிகிறது. மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி இதே குழுவுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். ஆகவே கூடிப் பேசி முடிவெடுப்பதை உள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். அதிகாரிகளிடம் சாட்சியம் கேட்பதை மட்டும் திறந்து வைக்கட்டும். இதற்கு யாருடைய குடியும் முழுகாது.

கலைக்கும் யோசனையைப் பொறுத்தவரை, நீங்கள் சிரமப்பட வேண்டாம். அரசாங்கங்களே அந்தப் பாதையில் பாதித் தூரம் போய்விட்டன. 15ஆவது மக்களவையில் (2009–14) நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் (2019–24) 16.

சுங்கச்சாவடிக்கு வருகிறேன். சாலைச் செலவு வசூலான பிறகும் காலகாலத்துக்கும் கட்டணம் வாங்குவதை நிறுத்துங்கள் என்று 2025 ஆகஸ்டில் சொன்னது பொதுக் கணக்குக் குழு. அது அரசின் கணக்குவழக்கை ஆராயும் வேறு நாடாளுமன்றக் குழு. போக்குவரத்துக் குழுவும் நெடுஞ்சாலைத் துறை செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையை ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் ஆராய்கிறது. தவிர, முக்கியமான விஷயங்களில் மக்களின் கருத்தைக் கேட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் தருகிறார்கள். உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே வரும். அடுத்த முறை கண்ணில் பட்டால், எனக்கு எழுதிய இந்தக் கார்டை அந்த விலாசத்துக்கு அனுப்புங்கள். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு.